சான்றாவணம் பதினான்கு

என் கையெழுத்துதான். பென்சில்.
மறுக்கவில்லை.
முப்பத்தொரு வருடம், இருபத்தாறு நோட்டுகள்,
துலூத் நகரின் மேற்குத் தெருக் கடையில்
பள்ளி திறக்கும் மாதத் தள்ளுபடியில் வாங்கியவை.
அந்த விலையும் உள்ளே இருக்கிறது, முதல் பக்கத்தில்.

டேலின் வக்கீல் விரலை நாக்கில் தொட்டுப்
பக்கம் புரட்டுகிறார்.
முடிதிருத்தம்? நானே வெட்டிக்கொண்டேன்.
விடுமுறை? அவர் அண்ணனின் ஏரிக்கரைக் குடிலில் நான்கு நாள்,
மூன்று நாள் கூரை வேய்ந்தோம்.
ஜனவரி மாத எரிவாயு?
அறுபது டிகிரிக்கு மேல் திருகக் கூடாது, வீட்டுச் சட்டம்.
எங்கள் ஊர் அளவில் அறுபது என்றால்
குழாயில் தண்ணீர் உறையாது,
ரொட்டியில் வெண்ணெய் பரவாது.

"ஆக, கனம் நீதிபதி அவர்களே,
இந்தத் தம்பதியின் வாழ்க்கைத் தரம்
மாதம் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து டாலர்.
அதில் பாதி போதும் இவருக்கு.
இவரே எழுதி வைத்திருக்கிறார்."

கூட்டல் சரி. நான்தான் இரண்டு முறை சரிபார்த்தேனே.
நான் அணைத்த விளக்கெல்லாம்
ஒவ்வொன்றாகக் கூண்டேறி
எனக்கெதிராகச் சாட்சி சொல்லிவிட்டு இறங்குகின்றன.
முட்டைகோசின் மேலிலையைச் சூப்பில் போட்டது,
கோட்டுப் பையை மீன்வலை நூலால் தைத்தது,
எல்லாம்.

மணவாழ்வில் எப்படி வாழ்ந்தார்களோ
கூடுமானவரை அப்படியே வாழ வழிசெய்வதுதான் ஜீவனாம்சமாம்.
வெளி பெஞ்சில் காத்திருந்தவளுக்குக் குதிரை உண்டு.
குதிரைக்குப் பல் மருத்துவர் உண்டு.
அவள் குதிரை இனியும் பல் காட்டும்.
நான் இனியும் குளிரலாம்.

என் வக்கீல் டோலெஃப்சன் எழுந்தாள்.
சின்னப் பெண், ஷூவில் உப்புக் கறை.
கிரேன் கம்பெனி, பங்குப் பத்திரம், ஆண்டு வரவு நாலு லட்சம்,
எல்லாம் வாசித்துவிட்டு,
"மிச்சம் பிடித்ததும் இவர்கள் வாழ்க்கைதான்" என்றாள்.
"வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதே
இந்த வீட்டு வழக்கமென்றால்
இவரும் இனிச் சேர்க்க வேண்டாமா?"
நீதிபதி ப்ரெக்கி அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

டேல் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.
மணிக்கட்டில் அதே கடிகாரம்.
வார் மாற்றியது நான், ஆறு டாலர், நோட்டு பத்தொன்பது.
கெட்டவர் இல்லை. கஞ்சன் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.
இரும்புச் சுரங்கம் மூடிய வருடம்
உருளைக்கிழங்கு மட்டும் தின்ற பையன்.
அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான்
தினமும் மேசையில் தட்டு வைத்தேன்.

"சொகுசு என்று எதுவுமே இருந்ததில்லையா,
திருமதி ஹெய்க்கினன்?"

இருந்தது. சனிக்கிழமை சவுனா.
தோட்ட மூலையில் மரக் கொட்டகை,
பழுத்த கல்லின் மேல் ஒரு கரண்டித் தண்ணீர்.
ஆவி முகத்தை மறைக்கும்போது மட்டும்
டேல் பாடுவார், ஃபின்னிஷ் பாட்டு,
பாதி வார்த்தை தெரியாமல்.
என் முதுகு முழுக்க உருகிக் கீழே வழியும்.
விறகு, புயலில் விழுந்த பிர்ச் மரம். இனாம்.
பாருங்கள், எழுதியிருக்கிறேன்:
சவுனா, 0.00.
சுருக்கெழுத்தாளரின் விரல்கள் அசைந்தன.
பூஜ்யம் பதிவானது.

தீர்ப்புக்கு ஆறு வாரம்.
இப்போது இருப்பது மூன்றாவது மாடி ஒற்றை அறை.
வெப்பம் வாடகையிலேயே சேர்த்தி,
திருகும் குமிழோ கீழ்த்தளத்தில் பூட்டிய பெட்டிக்குள்.
எண்பது இருக்கும். வியர்க்கிறது.
நேற்று ராத்திரி, வெளியே மைனஸ் இருபதில்,
ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன்.
சூடு பாட்டுக்கு ஏரியைப் பார்த்துப் போனது,
ஒரு மணி நேரம்,
யார் வீட்டுக் காசோ.

கை பென்சிலைத் தேடியது.
இருபத்தேழாவது நோட்டு
இன்னும் வாங்கவில்லை.